குத்தாட்டம் என்று எழுதலாமா?

பிள்ளை, நீர் கேட்டதை மற்றவர்களுக்கும் விளங்க முதலில் சுருக்கிச் சொல்கிறேன். உங்கள் ஊர் வாசிகசாலையின் ஆண்டு நிறைவு மலருக்கு விழா நிகழ்வுகளைத் தொகுத்து எழுதியிருக்கிறீர். கடைசி நாளிரவு, பரிசளிப்பு முடிந்த பிறகு, பெடியள் வாசிகசாலைக்கு முன்னால் ஒழுங்கையில் ஆடினதை "இளைஞர்கள் குத்தாட்டம் போட்டார்கள்" என்று எழுதினீர். மலர்க்குழுவில் உள்ள மூத்தவர் ஒருவர் அதை வெட்டி, "இளைஞர்கள் நடனமாடி மகிழ்ந்தனர்" என்று திருத்திவிட்டார். கேட்டதற்கு, "அது றோட்டுச் சொல்லு, மலரிலை வரக்கூடாது" என்றாராம். குத்தாட்டம் என்று எழுதலாமா, எழுதினால் மேற்கோள்குறிக்குள் அடைக்கவேண்டுமா, டப்பாங்குத்து சரியா டப்பாங்கூத்து சரியா என்பன உம்முடைய கேள்விகள்.

எழுதலாம். மேற்கோள்குறி வேண்டாம். டப்பாங்குத்துத்தான் சரி. ஆனால் உம்முடைய வசனத்தில் இருந்த 'போட்டார்கள்' என்ற வினையை நான் அப்படியே இருக்க விட்டிருக்கமாட்டேன். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். என் கணக்கில் அந்த மூத்தவரை உறுத்தியதில் பாதி அந்த வினைதான்.

முதலில் அவர் போட்ட சொல்லைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் 'நடனம்' என்று தனியே எழுதினால் வாசிக்கிறவருக்கு என்ன தெரியும்? சலங்கை தெரியும், அரைமண்டி தெரியும், விசிறி மடிப்பு வைத்த உடுப்புத் தெரியும். சாதாரண தரப் பரீட்சையில் பாடத்தின் பெயரே நடனம், அடைப்புக்குள் பரதம். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளை ஒழுங்கைக்கு ஒன்றாவது இருக்கும். மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் நடனம் படித்தவர் என்றால் யாரும் என்ன நடனம் என்று திருப்பிக் கேட்பதில்லை. எங்களிடம் அந்தச் சொல் பரதத்துக்குக் குத்தகைக்குப் போன சொல். நீர் கண்டதோ வேறு. சாரத்தை மடித்துக் கட்டி, லேஞ்சியின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் புழுதி கிளம்ப, ஒருவன் குனிய மற்றவன் முதுகில் மேளம் தட்ட ஆடினார்கள் என்று நீரே எனக்கு விவரித்தீர். அதை 'நடனமாடி மகிழ்ந்தனர்' என்று எழுதினால் வாசிக்கிறவருக்கு வேறு ஒரு மேடை, வேறு ஆட்கள் தெரிவார்கள். மரியாதை கூடவில்லை. நடந்தது மாறிவிட்டது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் அச்சகங்களில் ஒப்புநோக்கும் வேலை பார்த்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கோயில் மலர் கைக்கு வந்தது. அதில் 'காத்தவராயன் கூத்து' என்று நாலைந்து இடத்தில் இருந்தது. படித்த ஆட்கள் வாசிக்கும் மலர், கூத்து என்றால் அழகில்லை என்று நானாகவே எல்லா இடத்திலும் 'நாடகம்' என்று மாற்றிவிட்டேன். எழுதினவரிடம் கேட்கவும் இல்லை. மலர் வெளிவந்து ஒரு கிழமைக்குள் அந்தக் கூத்தைப் பழக்கி ஆடவைத்த அண்ணாவியார் மலரையும் கையில் கொண்டு அச்சகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. பக்கத்தை விரித்து மேசையில் வைத்து, அந்தச் சொல்லில் விரலை வைத்தபடி கேட்டார்: "தம்பி, இதிலை நாடகம் எண்டு கிடக்கு. அப்ப விடிய விடிய கூத்து ஆடினது ஆர்?"

எனக்கு மறுமொழி இல்லை. அச்சடித்ததை மாற்றவும் வழி இல்லை. அந்த விரல், நகத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பு காய்ந்திருந்த அந்த விரல், இன்றைக்கும் ஒரு சொல்லை வெட்டப் பேனையை எடுக்கும்போது என் கண்ணுக்கு முன் வரும். ஆட்டத்தின் பெயரை மாற்றினால் ஆடினவர்கள் பக்கத்தில் இருந்து மறைந்துபோகிறார்கள். உம்முடைய கேள்விக்கு நான் சொல்லவருவது அடிப்படையில் இவ்வளவும்தான்.

கூத்து என்ற சொல்லைப் பாரும். தில்லையில் ஆடுகிறவன் கூத்தன், அம்பலக் கூத்தன். கோயிலில் கை கூப்பிக்கொண்டு அந்தப் பெயரைச் சொல்கிறோம். வீட்டுக்கு வந்து பிள்ளை குழப்படி செய்தால் "என்ன கூத்தடிக்கிறாய்" என்று பேசுகிறோம். சிலப்பதிகாரத்தின் உரைகள் சாந்திக் கூத்து, விநோதக் கூத்து என்று வகுத்து விளக்கிய சொல்தான் அதுவும். நடுவில் நடந்தது என்ன? ஆடினவர்கள் யார் என்று பார்த்து ஊர் சொல்லுக்கு விலை போட்டது. வித்தாரமாகப் படித்தவர்கள் கூத்துக் களரியை எட்டி நின்று பார்த்த காலம் ஒன்று இருந்தது. பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பல்கலைக்கழக மாணவர்களை ஆடவைத்து 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று மேடையேற்றிய பிறகு அதே ஆட்கள் முன்வரிசையில் இருந்து பார்த்தார்கள். அவர் கூத்தை நவீன மேடைக்கு ஏற்பச் சுருக்கினார், செம்மையாக்கினார். பெயரைக் கூத்து என்றே வைத்திருந்தார். அதனால்தான் இன்றைக்கு நாட்டுக்கூத்து என்று எழுத யாருக்கும் கை கூசுவதில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமாக நடந்த கதையும் உண்டு. நாதஸ்வரம், தவிலைப் பெரியமேளம் என்றும், தேவதாசியரின் ஆட்டக் குழுவைச் சின்னமேளம் என்றும் எங்கள் முன்னோர் சொன்னார்கள். சின்னமேளம் என்பது முதலில் வெறும் தொழிற்பெயர். 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் கோயில்களில் தேவதாசியர் ஆடுவதைக் கடுமையாக எதிர்த்தார். பிறகு பிறகு அந்தச் சொல்லே பெண்களை இழித்துப் பேசும் சொல்லாகக் கீழே போயிற்று. அதே காலப்போக்கில் சென்னையில் 1930களில் இ. கிருஷ்ண ஐயர், ருக்மிணி தேவி போன்றவர்களின் முயற்சியால் சதிர் என்ற ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரோடு புது மேடைக்கு வந்தது. கலை உயர்ந்தது, உண்மை. அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த பெண்கள் அந்தப் புதுப் பெயருக்குள் பெரும்பாலும் வரவில்லை என்பதும் உண்மை. பெயர் மாற்றம் சின்ன விசயம் இல்லை என்று சொல்லத்தான் இதை இழுத்தேன்.

அந்த மூத்தவர் சொன்ன 'றோட்டுச் சொல்லு' என்ற வாதமும் எங்கள் ஊருக்குப் புதிதில்லை. 1960களின் தொடக்கத்தில் டொமினிக் ஜீவா, கே. டானியல் போன்றவர்கள் யாழ்ப்பாணத்துச் சாதாரண சனத்தின் பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்தபோது, பண்டிதர்கள் பலர் அதை இழிசனர் வழக்கு என்று தள்ளினார்கள். மரபுப் போராட்டம் என்றே அந்த வாக்குவாதத்துக்குப் பெயர் விழுந்தது. இன்றைக்கு அந்தக் கதைகளை எடுத்துப் படித்தால், பண்டிதர் வெட்டச் சொன்ன சொற்கள்தான் அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தை எங்களுக்கு உயிரோடு காட்டுகின்றன. அந்தப் போராட்டத்தில் எந்தப் பக்கம் சரி என்று நான் எப்போதோ முடிவெடுத்துவிட்டேன், மறைக்கவில்லை.

இனி இலக்கணப் பக்கம். கொச்சை என்று ஒரே வாளிக்குள் எல்லாவற்றையும் போடக்கூடாது. 'வந்திட்டினம்' என்பது பேச்சு உருவம். அதற்கு 'வந்துவிட்டார்கள்' என்ற எழுத்து உருவம் இருக்கிறது, ஆகவே கட்டுரையில் அதை மாற்றலாம். குத்தாட்டம் அப்படி இல்லை. அதற்கு எழுத்து உருவம் வேறாக ஒன்று இல்லை, அதுதான் பெயர். பழைய இலக்கணத்தார் இதற்கு வைத்த வகை குழூஉக்குறி. நன்னூல் தகுதி வழக்கு என்று சொல்வதில் இடக்கரடக்கல், மங்கலத்தோடு இதுவும் ஒன்று. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பார்கள், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்பார்கள் என்று உரைகாரர் உதாரணம் தருவார்கள். கள்ளுக்குச் சொல்விளம்பி! குடித்தவன் வாயில் இருந்து சொல் தானாக வரும் என்று கண்டு பெயர் வைத்த அந்த வேடனை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோசம் வரும். அப்படி ஒரு கூட்டத்துக்குள் ஓடும் சொல்லை மற்றக் கூட்டத்துக்கு எழுதும்போது விளக்கவேண்டும், அது நியாயம். ஆனால் ஒரு சொல் கூட்டத்தை விட்டு வெளியே வந்து எல்லார் வாயிலும் நின்றுவிட்டால் பிறகு அது குழூஉக்குறி இல்லை. குத்தாட்டம் என்ற சொல்லுக்கு உம்முடைய வாசகரில் எத்தனை பேர் விளக்கம் கேட்பார்கள்? அப்பம்மாவுக்கே தெரியும்.

பேச்சில் இருந்து ஏறி வந்த சொல்லுக்குக் கண்முன்னே ஓர் உதாரணம் பகிடிவதை. பகிடி கேலிக்கு நாங்கள் வீட்டுக்குள் பேசும் சொல். பல்கலைக்கழகங்களில் புது மாணவர்களை வருத்தும் கொடுமைக்கு அந்தப் பகிடியோடு வதையைச் சேர்த்துப் பெயர் உண்டாயிற்று. கல்வி நிறுவனங்களில் அதைத் தடைசெய்து 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இன்று அறிவித்தல் பலகையிலும் பத்திரிகையிலும் விரிவுரையாளரின் சுற்றறிக்கையிலும் பகிடிவதை என்றே நிற்கிறது. அதைக் குறிக்குள் போட்டு எழுதுகிற ஒருவரையும் நான் கண்டதில்லை. பகிடியும் ஒரு காலத்தில் எழுத்துக்கு ஆகாத சொல்தான்.

குறிக்குள் போடும் விசயத்துக்கு இப்படியே வந்துவிட்டேன். ஒரு சொல்லை மேற்கோள்குறிக்குள் வைத்தால் இரண்டில் ஒன்று விளங்கும். இது இன்னொருவர் சொன்னது என்று விளங்கும். அல்லது, இந்தச் சொல்லில் எனக்குச் சம்மதம் இல்லை, குறட்டால் பிடித்துத்தான் தூக்குகிறேன் என்று விளங்கும். நீர் எழுதியது உம்முடைய ஊர்ப் பெடியளைப் பற்றி. உம்முடைய தம்பியும் அதில் ஆடினான் என்றீர். அவர்களைக் குறட்டால் பிடிக்கத் தேவையில்லை. நான் இந்தப் பதிலில் சில இடங்களில் குறி போட்டிருப்பது சொல்லைப் பற்றிப் பேசுவதால். ஆட்டத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் போடவில்லை, திரும்பப் பாரும்.

சரி, 'போட்டார்கள்'. எங்கள் ஊரில் "அவன் கனக்க ஆட்டம் போடுறான்" என்றால் கால் ஆடுகிறது என்று அர்த்தம் இல்லை. திமிர் பிடித்து நடக்கிறான் என்று அர்த்தம். குத்தாட்டம் போட்டார்கள் என்று எழுதும்போது அந்த மணம் சேர்ந்து வருகிறது. குத்தாட்டம் ஆடினார்கள் என்று எழுதினால் வெறும் ஆட்டம். கூத்திலும் இதேதான்: கூத்து ஆடினார்கள் என்றால் கலை, கூத்தடித்தார்கள் என்றால் குழப்படி. பெயர்ச்சொல் ஒன்றே, வினைதான் தீர்ப்புச் சொல்கிறது. தமிழில் எழுதுகிறவர்கள் பெயரைப் பிடித்துச் சண்டை பிடிப்பார்கள், பக்கத்தில் நிற்கும் வினையைக் கவனிக்கமாட்டார்கள். நீர் கவனியும். போட்டார்கள் என்பதற்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. விழாவின் துள்ளலை, கொஞ்சம் குறும்போடு, ஒரு நண்பனின் குரலில் எழுதினால் அது நன்றாகவே இருக்கும். மலர் வேறு. அது ஐம்பது வருடம் அலுமாரியில் இருக்கும். அன்றைக்கு வாசிக்கிற பிள்ளைக்கு உம்முடைய குறும்பு தெரியாது, திமிர் மட்டும் தெரியக்கூடும்.

மூத்தவரை உறுத்தின மற்றப் பாதி, இந்தச் சொல் இதுவரை சேர்ந்து திரிந்த கூட்டம் என்று நினைக்கிறேன். சினிமாப் பக்கங்களில் குத்தாட்டம் தனியே வருவது குறைவு. முன்னால் 'கவர்ச்சி' என்று ஒன்று நிற்கும், பின்னால் ஒரு நடிகையின் பெயர் நிற்கும். வருடக்கணக்காக அப்படியே வாசித்த ஒருவருக்கு அந்தச் சொல்லைக் கண்டதும் வாசிகசாலைப் பெடியள் நினைவுக்கு வரமாட்டார்கள். அவரில் பிழை இல்லை. ஆனால் அதற்குச் சொல்லை ஒதுக்குவது மருந்தில்லை, நல்ல இடத்தில் வைத்து எழுதுவதுதான் மருந்து. இதோடு இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளும். அன்றிரவு பெண்பிள்ளைகளும் ஒரு பக்கமாக நின்று ஆடினார்கள் என்றீர், கட்டுரையில் அது இல்லை. எழுதும். பெடியளுக்குக் குத்தாட்டம் என்றால் அவர்களுக்கும் அதே சொல்தான். பெடியன் ஆடினால் உற்சாகம், பெட்டை ஆடினால் கூத்து என்று இரண்டு அளவுகோல் வைக்கும் வழக்கத்துக்கு மலரில் இடம் கொடாதேயும்.

சொல்லை மலருக்குள் விட்டாயிற்று என்பதற்காக எல்லா ஆட்டத்துக்கும் அதையே பூசக்கூடாது. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பு. குத்து தமிழ்நாட்டில் இருந்து வந்தது. அங்கே பறை, உறுமி, தப்பட்டை என்று திருவிழாவிலும் சாவு வீட்டிலும் ஊர்வலத்திலும் அடித்த மேளத்துக்கு ஆடின சனத்தின் ஆட்டத்தைச் சினிமா எடுத்துக்கொண்டது, படத்தோடு எங்களிடம் வந்தது. எங்கள் செத்தவீட்டில் பறைமேளம் உண்டு, ஆனால் ஆடும் வழக்கம் இல்லை. ஆகவே ஒரே சொல் மதுரைக்காரருக்கு ஒரு நினைவையும் எங்களுக்கு இன்னொரு நினைவையும் கிளப்பும். எங்களுக்கு அது கலியாணவீடும் விழாவும்தான். பறை என்று சொன்னதும் ஒன்று: பறைதல் என்றால் யாழ்ப்பாணத்தில் பேசுதல். "என்ன பறையிறாய்" என்று கிழவிகள் கேட்பார்கள். வாயால் சொன்னால் மதிப்பு, தோலால் சொன்னால் தீட்டு என்று வைத்திருந்த சமூகம் இது. குத்து என்ற சொல்லின் மேல் விழும் அசட்டைக்கும் அந்தப் பழைய அசட்டைக்கும் வேர் ஒன்றே.

பைலா வேறு. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்தி, 1658இல் ஒல்லாந்தரிடம் கோட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன சொற்கள் போகவில்லை: மேசை, யன்னல், பாண், சப்பாத்து, நான் மேலே எழுதின லேஞ்சி. ஆடுதல் என்ற பொருளுள்ள அவர்களுடைய சொல்லில் இருந்துதான் பைலாவும். மட்டக்களப்புப் பறங்கியரும் புத்தளத்து ஆபிரிக்க வழியினரும் காத்த இசையில் இருந்து கிளைத்து, கடந்த நூற்றாண்டில் வொலி பஸ்தியன் போன்ற பாடகர்களால் நாடெங்கும் பரவியது. சிங்களப் பாட்டு, தமிழ்ப் பொப்பிசை எல்லாவற்றுக்குள்ளும் அது புகுந்தது. பைலாவும் ஆறின் நடை, அதாவது ஆறாறாக எண்ணும் தாளம்; டப்பாங்குத்தும் பெரும்பாலும் ஆறின் நடை. அதனால்தான் எங்கள் பெடியள் ஒரு பாட்டில் இருந்து மற்றப் பாட்டுக்குக் கால் தடுக்காமல் போகிறார்கள். ஆனால் உற்றுப் பார்த்தால் உடம்பு வேறு வேலை செய்யும். பைலாவில் கை மேலே மிதக்கும், இடுப்பு அசையும், முகம் சிரிக்கும். குத்தில் முழங்கால் மடியும், தோள் வெட்டும், உள்ளங்கால் நிலத்தைத் தேடி அறையும். அன்றிரவு நடுவில் பைலாப் பாட்டுகளும் போட்டார்கள் என்றால் அதைப் பைலா என்றே எழுதும்.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் 1904 முதல் நடக்கும் கிரிக்கெட் போட்டியில் கொட்டகைக்குக் கொட்டகை ஆடுகிறார்களே, அதைக் குத்தாட்டம் என்று எழுதினால் பழைய மாணவர்கள் உம்மோடு சண்டைக்கு வருவார்கள். அது பப்பரே. ஊதுகுழல் எழுப்பும் சத்தத்தையே பெயராக வைத்த சொல் அது. ஆட்டமும் பாட்டும் மேளமும் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். மலையகத்தில் தப்புக்கு ஆடுவதற்கும், காமன் கூத்துக்கும் அந்தந்த மக்கள் வைத்த பெயர் உண்டு. உள்ள பெயரை விட்டுவிட்டுக் குத்தாட்டம் என்று பொதுவாக எழுதுவதும், நான் அன்றைக்குக் கூத்தை நாடகம் ஆக்கின அதே பிழைதான்.

எழுத்துக்கு வருவோம். குத்து குறில், கூத்து நெடில்; இரண்டும் வேறு சொல். டப்பாங்கூத்து என்று எழுதுகிறவர்கள் கூத்தின் செல்வாக்கில் நீட்டிவிடுகிறார்கள். வாயால் சொல்லிப் பாரும், குறுகித்தான் வரும். மொழிக்கு முதலில் டகரம் வராது என்பது தொல்காப்பியத்தில் இருந்து வரும் விதி, அதைச் சொல்லி யாராவது தடுத்தால், டொலர் என்று எழுதும் நாடு இது என்று சொல்லும். தமிழுக்குள் வந்த பிறகு அந்தச் சொல் தமிழ்ப் புணர்ச்சிக்குக் கட்டுப்படவேண்டும், அதில் மட்டும் சலுகை கேட்காதேயும். குத்து வன்தொடர்க் குற்றியலுகரம். வல்லினம் வந்தால் மிகும், உயிர் வந்தால் உகரம் ஓடும். ஆகவே குத்துப் பாட்டு, டப்பாங்குத்துப் பாட்டு, குத்தாட்டம். குத்தாட்டத்தோடு பாடல் சேர்ந்தால் மகரம் கெட்டுக் குத்தாட்டப் பாடல். உம்முடைய படியில் 'குத்து பாட்டு' என்று ஒற்று இல்லாமல் இரண்டு இடத்தில் இருந்தது. மூத்தவர் உண்மையில் வெட்டியிருக்கவேண்டியது அது. பைலாவில் பைலாப் பாட்டு என்று ஒற்று மிகும். ஆனால் ஆட்டத்தோடு சேர்த்துப் பைலாவாட்டம் என்று எழுதவேண்டாம், படிக்கிறவருக்கு வாட்டம் என்று கேட்கும். பைலா ஆட்டம் என்று பிரித்தே விடும்.

எழுதக்கூடாத இடமும் உண்டா என்றால் உண்டு. கோயில் மகோற்சவ அறிவித்தலில் வேண்டாம். கல்வித் திணைக்களத்துக்குப் போகும் அறிக்கையில் 'கலை நிகழ்ச்சிகள்' போதும், அங்கே யாருக்கும் ஆட்டத்தின் விவரம் தேவையில்லை. பரீட்சைக் கட்டுரையில் எழுதலாம், ஆனால் முதல் தடவை அரை வரி விளக்கத்தோடு எழுதும். திருத்துகிறவர் எந்த ஊரோ.

உம்முடைய மலர் வெளிநாட்டுக்கும் போகும் என்றீர். ஊரை விட்டுப் போய் நாற்பது வருடமானவர்களும் வாசிப்பார்கள். அவர்களுக்காக அந்த இடத்தில் ஒரு மேளச் சத்தத்தை மட்டும் சேர்த்தால் போதும், தனி விளக்கம் தேவைப்படாது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "பரிசளிப்பு முடிந்து கதிரைகள் அடுக்கப்படுவதற்குள் ஒழுங்கையில் பாட்டுத் தொடங்கிவிட்டது. மேளம் ஏற ஏற, பெடியளும் பெட்டையளும் மின்குமிழ் வெளிச்சத்தில் புழுதி பறக்கக் குத்தாட்டம் ஆடினார்கள். இடையில் இரண்டு பைலாப் பாட்டுக்கு வாசிகசாலைத் தலைவரும் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார்."

கடைசி வரி நீர் சொன்னதை வைத்து நான் சேர்த்தது. தலைவர் இறங்கி ஆடினாரா, வெறுமனே கை தட்டினாரா என்று ஒருக்கால் கேட்டு உறுதி செய்துகொள்ளும். வெட்டின மூத்தவரிடம் இந்தப் பந்தியைக் கொண்டுபோகும்போது பின்னேரத்தில், அவர் ஆறுதலாக இருக்கும் நேரம் பார்த்துப் போய், வாசித்துக் காட்டும். தாளைக் கொடுத்துவிட்டு வராதேயும். அவர் இளந்தாரியாக இருந்த காலத்தில் இதே ஒழுங்கையில் அவர்கள் ஆடினதற்கு என்ன பெயர் சொன்னார்கள் என்றும் கேளும். அவர் சொல்லும் சொல்லை எழுதிக்கொண்டு வந்து எனக்கும் சொல்லும். அதுவும் அடுத்த பக்கத்தில் வரவேண்டியது.